இரத்தக்கட்டும் குருதியுறைவும்: காலின் ஆழ்சிரைக் குருதியுறைவை அறிதலும் அதிலிருந்து மீளுதலும்

ஆய்வுச்சுருக்கம்

காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைவது உரிய காலத்தில் அறியப்பட்டால் மருந்தினால் கட்டுப்படுத்தத்தக்க நோய். அறியப்படாவிட்டால் நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்நோய்க்கும், அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் குருதி தேங்கும் எளிய காயத்துக்கும் 'இரத்தக்கட்டு' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. இச்சொல் மயக்கம் நோயை அறிவதிலும் மருந்தைத் தொடர்வதிலும் உண்டாக்கும் இடர்களை முன்வைத்து, நோயின் தோற்றம், அறிகுறிகள், சோதனைகள், மீட்சி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குருதியுறைவு, இரத்தக்கட்டு, ஆழ்சிரை, நுரையீரல் அடைப்பு, உறைவெதிர் மருந்து, மருத்துவத் தமிழ்

முன்னுரை

இக்கட்டுரையாளரின் தாயாருக்குக் கீழ்க்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு இடப்பட்டிருந்தது. கட்டுப் பிரித்த நான்காம் நாள் அந்தக் காலின் கெண்டைச்சதை வீங்கிக் கனத்தது. எடுக்கப்பட்ட ஸ்கேனைப் பார்த்துவிட்டு வீட்டாரிடம் சொல்லப்பட்ட தொடர் இது: "காலில் ரத்தக்கட்டு இருக்கிறது, மாத்திரையில் கரைந்துவிடும்." அச்சொல்லைக் கேட்டதும் வீட்டில் ஒருவருக்கும் அச்சம் எழவில்லை. இரத்தக்கட்டு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதே காரணம். பெரியம்மா புளியையும் கல்லுப்பையும் காய்ச்சிப் பற்றுப் போட்டார். இரவில் நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார். வீக்கம் சற்றுக் குறைந்தது போலத் தோன்றியதால் மூன்று நாளுக்கு வாங்கிய மாத்திரையோடு மருந்து நின்றது. அடுத்த வாரம் நான்கு படி ஏறுவதற்குள் தாயாருக்கு மூச்சு முட்டியது. உறைவின் ஒரு பகுதி நுரையீரலைச் சென்றடைந்திருந்தது.

அவர் பிழைத்தார். நீவியதனால்தான் உறைவு பெயர்ந்தது என்று அறுதியிட இயலாது. மருத்துவரும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் மருந்து நின்றது உறுதி. அது நின்றதற்கு ஒரு சொல் காரணம் என்பதும் உறுதி. அந்தச் சொல்லிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

கட்டும் உறைவும்

தமிழில் 'கட்டு' என்பது கட்டப்படுதலையும் தேங்குதலையும் குறிக்கும் சொல். நீர்க்கட்டு, சளிக்கட்டு, பால்கட்டு என்பன போல இரத்தக்கட்டு என்பதும் ஓரிடத்தில் ஒன்று தேங்கி நிற்பதையே உணர்த்துகிறது. அடிபட்ட இடத்தில் சிறு குழாய்கள் கிழிந்து, குருதி வெளியேறித் தசையிடையே தங்கி, தோல் கன்றி நீலமாகிப் பின் மஞ்சளாகி மறைவதை மக்கள் இச்சொல்லால் வழங்கி வந்துள்ளனர். அவ்வழக்கில் பிழை ஏதுமில்லை. அத்தகைய காயத்தில் குருதி குழாய்க்கு வெளியே இருக்கிறது. உடல் அதனைச் சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆழ்சிரைக் குருதியுறைவு இதற்கு நேர்மாறானது. இங்கே குழாய் கிழியவில்லை. குருதி வெளியேறவும் இல்லை. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய குருதி குழாய்க்குள்ளேயே பாதி இறுகிய கூழ்போல் உறைந்து ஓட்டத்தைத் தடுக்கிறது. முன்னது கசிவு, பின்னது அடைப்பு. மருத்துவ முறையும் அதற்கேற்ப எதிரெதிராக அமைகிறது. உறைவுக்குத் தரப்படும் மருந்து கசிவுள்ளவருக்குக் கேடு செய்யும். கசிவுக்கு உகந்ததாக மக்கள் கருதும் பற்றும் நீவுதலும் உறைவுள்ள காலுக்கு ஆகா. தலையில் அடிபட்டவருக்கு 'மூளையில் ரத்தக்கட்டு' என்று நாளிதழ்கள் எழுதும்போதும் இம்மயக்கம் தொடர்கிறது. அது மண்டையோட்டுக்குள் ஏற்பட்ட கசிவா, மூளைக் குழாயில் ஏற்பட்ட அடைப்பா என்பதை அத்தொடரைக் கொண்டு எவரும் அறிய முடியாது.

எனவே குழாய்க்கு வெளியே தேங்குவதை இரத்தக்கட்டு என்றும், குழாய்க்குள் இறுகுவதைக் குருதியுறைவு என்றும் பிரித்து வழங்குவது பொருத்தமானது. புதிய கலைச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டு சொற்களும் ஏற்கெனவே உள்ளன. அவற்றை இடம்மாற்றி வழங்காதிருந்தால் போதும்.

இதற்கு இணையான இன்னொரு சிக்கல் 'நரம்பு' என்னும் சொல்லில் உள்ளது. தோலில் நீலமாகப் புடைத்துத் தெரியும் சிரை, வலியுணர்த்தும் நரம்பு, எலும்போடு தசையைப் பிணைக்கும் நாண் ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் நரம்பே. காலில் உறைவு தோன்றியவர் தம் நோயை 'நரம்பு இழுக்கிறது', 'கெண்டை பிடித்துக்கொண்டது' என்றே முதலில் கூறுகிறார். கேட்பவர் சுளுக்கெடுப்பவரை நினைக்கிறார், சிரையை நினைப்பதில்லை. பாடநூல் வழக்கும் ஒரு சீராக இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை எனப்படுபவை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முறையே நாடி, நாளம் எனப்படுகின்றன. தமிழ்நாட்டிலோ நாளம் என்பது இரத்தக் குழாய் அனைத்துக்கும் பொதுச்சொல். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கியது முதலாக மருத்துவத் தமிழுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பயன் நோயாளியின் கையில் தரப்படும் சீட்டை எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. இக்கட்டுரையில் சிரை என்பது இதயம் நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாயைக் குறிக்கும்.

உறைவு தோன்றும் முறை

காலிலிருந்து குருதி மேலேறுவது புவியீர்ப்புக்கு எதிரான பயணம். இதயத்தின் உந்துவிசை அதற்குப் போதாது. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் உள்ள தடுக்கிதழ்கள் அதனைக் கீழே இறங்கவிடாமல் தாங்குகின்றன. நடை நின்றால் இப்பிழிவும் நின்றுவிடும். இதழ்களின் பின்புறப் பைகளில் குருதி அசையாது தங்கும். உறைவு பெரும்பாலும் அங்கேதான் அரும்புகிறது.

செருமானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்கோ, நுரையீரல் தமனியில் காணப்படும் உறைவு அங்கே தோன்றுவதன்று, வேறிடத்துச் சிரையில் தோன்றிக் குருதியோட்டத்தோடு வந்து சேர்வது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவினார். அவர் பெயரால் வழங்கும் முக்கூறுகள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன: ஓட்டத் தேக்கம், குழாய்ச் சுவரின் சிதைவு, குருதியின் உறையும் இயல்பு மிகுதல். இம்மூன்றும் ஒருங்கே கூடும் நிலைகளை எண்ணிப் பார்த்தால் எவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும். இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டவர், மாவுக்கட்டு இட்டவர், பல நாள் படுக்கையில் இருப்பவர், புற்றுநோயாளர், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்பவர், முன்பே உறைவு கண்டவர் ஆகியோர் அத்தகையோர்.

மகப்பேற்றைத் தனித்துக் கூற வேண்டும். பேற்றின்போது குருதியிழப்பைத் தடுக்கும்பொருட்டுக் கருவுற்ற உடல் உறையும் தன்மையை இயல்பாகவே மிகுத்துக்கொள்கிறது. பிள்ளை பிறந்த பின் ஆறு வாரம் வரை, அதிலும் அறுவை மகப்பேறானால், இடர் மிகக் கூடுதல். 'பச்சை உடம்பு' என்று படுக்கையை விட்டு இறங்கவிடாமல் வைத்திருக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. பச்சை உடம்பைப் பேணுதல் நன்று, நடக்கவிடாமை நன்றன்று. கருவுற்றோருக்கு உறைவு பெரும்பாலும் இடக்காலில் தோன்றுகிறது. இடக்காலின் சிரை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் வலப்பக்கத் தமனியின் கீழே நசுங்கிச் செல்வதும், வளரும் கருப்பை அதன்மேல் அழுத்துவதும் இதற்குக் காரணங்கள்.

அமர்ந்தே இருத்தலின் கேட்டை இரண்டாம் உலகப் போர் வெளிப்படுத்தியது. 1940இல் இலண்டன் மீது குண்டு வீசப்பட்ட இரவுகளில் மக்கள் புகலிடங்களில் துணிச் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தவாறே உறங்கினர். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்தியது. அவ்வாறு உறங்கியவர்களிடையே நுரையீரல் அடைப்பினால் நேர்ந்த திடீர் மரணங்கள் மிகுந்ததை நோயியலறிஞர் கீத் சிம்ப்சன் அவ்வாண்டிலேயே 'லான்செட்' இதழில் எழுதினார். உலக நல நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட தொடர் பயணம் இவ்விடரை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என்று கண்டது. வானூர்தி மட்டுமன்று, பேருந்து, தொடர்வண்டி, கார் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தனிமனிதருக்குள்ள இடர் அப்போதும் சிறிதே. நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 6000க்கு ஒன்று என அவ்வாய்வு மதிப்பிட்டது. அச்சம் தேவையில்லை. ஆயினும் ஆய்வேட்டின் இறுதி மாதங்களில் காலை முதல் இரவு வரை நாற்காலியை விட்டு எழாதிருப்போர் மணிக்கொருமுறை எழுந்து நடப்பதில் இழப்பொன்றும் இல்லை.

அறிகுறிகள்

நினைவில் கொள்ள வேண்டிய முதன்மை அறிகுறி ஒரு கால் மட்டும் வீங்குதல். இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், இரும்புச்சத்துக் குறைவு, நெடுநேரம் நிற்றல் எனப் பல காரணங்களை நாட வேண்டியிருக்கும். 'நீர் கோத்துக்கொண்டது' என்று மக்கள் கூறுவது பெரும்பாலும் இதுவே. ஒரு கால் மட்டும் சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ பருத்தால் உறைவை முதலில் ஐயுற வேண்டும். இதனை வீட்டிலேயே அளந்தறியலாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளக்க, வேறுபாடு 3 செ.மீ.க்கு மேல் இருப்பின் அது பொருட்படுத்தத்தக்கது. கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸ் வகுத்ததும் உலகெங்கும் பயன்படுவதுமான மதிப்பெண் முறையில் இவ்வளவீடும் ஒரு கூறு.

வலி பெரும்பாலும் கெண்டைச்சதையின் ஆழத்தில் தோன்றும்; நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடும். கெண்டை பிடித்தலோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கெண்டை பிடித்தல் திடீரெனப் பற்றி, காலை நீட்டி மடக்கியதும் சில நிமிடங்களில் விட்டுவிடும். உறைவின் வலி விடாது. நாள் செல்லச் செல்ல ஊன்றும். தொட்டால் அக்கால் மற்றதைவிட வெப்பமாக இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். மேல்தோல் சிரைகள் புதிதாகப் புடைத்துத் தெரிவதும் உண்டு. ஆழத்து வழி அடைபட்டதால் குருதி மேல்வழியை நாடுகிறது. தோல் சிவக்கும் என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். நம்மவருள் பலரது மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அச்சிவப்புத் தெளிவாகப் புலப்படாது. சற்றே கருத்தது போலவோ பளபளப்பது போலவோ தோன்றலாம். ஆகையால் நிறத்தைவிடச் சுற்றளவையும் வெப்பத்தையும் நம்புவதே தகும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டை வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை உறைவு இல்லாதவருக்கும் வலியைக் காட்டும், உள்ளவருக்கும் காட்டாமற் போகும். அதனைக் கொண்டு முடிவெடுத்தல் கூடாது.

சிலருக்குக் காலில் ஓர் அறிகுறியும் இராது. நோய் தன்னை முதன்முதலாக வெளிப்படுத்துவதே நுரையீரலில்தான். காரணமின்றித் திடீரென மூச்சு முட்டுதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இதயம் படபடத்தல், இருமலில் குருதி, மயக்கம் ஆகியன அதன் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாள் காலைவரை காத்திராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2011இல் ஒருமுறை நுரையீரல் அடைப்புக்கு ஆளானவர். 2017 செப்டம்பரில் அறுவை மகப்பேற்றுக்கு மறுநாள் மூச்சு முட்டியபோது, இது மீண்டும் அதுவே என்று தாமே உணர்ந்து, சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டுமெனக் கேட்டதாகப் பின்னர் அவர் தெரிவித்தார். முதலில் கால்களில் அல்ட்ராசவுண்டு செய்யப்பட்டது. அதில் ஒன்றும் தென்படவில்லை. அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் உறைவுகள் காணப்பட்டன. கால் சோதனை தெளிவாக இருப்பது நுரையீரலும் தெளிவாக இருப்பதற்குச் சான்றாகாது என்பதற்கும், நோயுற்றவரின் சொல்லுக்கு உள்ள மதிப்புக்கும் இந்நிகழ்வு தக்க எடுத்துக்காட்டு.

சோதனைகள்

டி-டைமர் என்னும் குருதிச் சோதனை, உறைவு சிதையும்போது வெளிப்படும் புரதத்துணுக்கை அளக்கிறது. நோய்க்கான வாய்ப்புக் குறைவாக உள்ளவருக்கு இம்மதிப்பும் குறைவாக இருந்தால் நோயை விலக்கலாம். மிகுந்திருந்தால் அதனால் மட்டும் நோய் உறுதியாகாது. காய்ச்சல், அறுவை, கருவுறுதல் ஆகியவற்றிலும் அது மிகும்.

உறுதிசெய்வது அல்ட்ராசவுண்டு. அதன் தத்துவம் எளியது. கருவியால் தோலின்மேல் அழுத்தினால் நலமான சிரை நசுங்கி மறையும். உறைவுள்ள சிரை நசுங்காது. கெண்டையிலுள்ள சிறு உறைவு முதல்நாள் சோதனைக்குத் தப்பலாம். ஐயம் நீங்காதபோது ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பர். இம்மறுசோதனையை வீண்செலவு என்று தவிர்க்கக் கூடாது.

மருந்தும் மீட்சியும்

'மாத்திரையில் கரைந்துவிடும்' என்ற தொடரிலும் ஒரு பிழை உண்டு. வழக்கமாகத் தரப்படும் உறைவெதிர் மருந்துகள் உறைவைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமலும் புதிதாகத் தோன்றாமலும் அவை தடுக்கின்றன; ஏற்கெனவே உள்ளதை உடல் தன் நொதிகளால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் சிதைக்கிறது. உடனே கரைக்கும் மருந்துகள் வேறு. குருதிப்போக்கு இடர் மிகுந்த அவை உயிருக்கோ காலுக்கோ கேடு நேரும் நிலையில் மட்டும் பயன்படுகின்றன. இவ்வேறுபாட்டை நோயாளி அறிந்தால் மூன்று நாளில் வீக்கம் வடிந்ததைக் கண்டு மருந்தை நிறுத்தமாட்டார்.

மருந்தை நிறுத்துவதால் என்ன நேரும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பிரித்தானிய மருத்துவர்களான பாரிட், ஜோர்டன் இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் அடைப்புக்கு ஆளான 35 பேருள் 16 பேருக்கு உறைவெதிர் மருந்து தரப்பட்டது. 19 பேருக்குத் தரப்படவில்லை. மருந்து பெறாத 19 பேரில் ஐவர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். மருந்து பெற்றவருள் அக்காரணத்தால் ஒருவரும் இறக்கவில்லை. அதன்பின் மருந்து தராமல் ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு அறத்துக்கு ஒவ்வாததாயிற்று.

பேச்சு வழக்கில் இம்மருந்துக்கு 'ரத்தத்தை மெலிய வைக்கும் மாத்திரை' என்று பெயர். ஆங்கில வழக்கிலிருந்து வந்த இப்பெயர் தமிழில் மேலும் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. மெலிவு என்றாலே நம்மவர் வலுவிழப்பை நினைக்கின்றனர். இரத்தசோகை வந்துவிடும் என்று அஞ்சி மருந்தைக் குறைப்போரும் உளர். குருதியின் அடர்த்தி இம்மருந்தால் மாறுவதில்லை. உறைதலுக்கு வேண்டிய புரதங்களின் செயல் மட்டும் தணிகிறது.

மருந்துகள் பலவகை. வயிற்றுத் தோலில் ஊசியாக இடப்படும் ஹெப்பாரின் வகை உடனே செயல்படும். கருவுற்றோருக்கு ஏற்றதும் அதுவே. வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய பழைய மாத்திரைகள் விலை குறைந்தவை, ஆயினும் ஐ.என்.ஆர். என்னும் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று அடிக்கடி குருதி எடுத்துப் பார்க்க வேண்டும். வார்ஃபரினின் வரலாறு சுவையானது. வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி ஒழுகி மாண்டதன் காரணத்தை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்து, 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. ரிவரோக்சபான், அபிக்சபான் முதலிய புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டியதில்லை. தொடக்க நாள்களில் கூடிய அளவும் பின் குறைந்த அளவும் தரப்படும்: ரிவரோக்சபானுக்கு 21 நாள், அபிக்சபானுக்கு 7 நாள். அளவு மாறும் நாளைச் சீட்டில் தமிழில் எழுதித் தரக் கேட்பது நோயாளியின் உரிமை. ரிவரோக்சபானை இந்த அளவுகளில் உணவோடு உட்கொள்ள வேண்டும்.

வார்ஃபரின் உட்கொள்வோரிடம் 'கீரை சாப்பிடக் கூடாது' என்று கூறப்படுவதுண்டு. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வினையைத் தணிப்பது உண்மையே. ஆயினும் வேண்டுவது விலக்கன்று, ஒரே சீரான அளவு. வாரம் இருமுறை முருங்கைக்கீரை உண்பவர் அவ்வாறே தொடர்ந்தால் மருந்தின் அளவை அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் நிறுத்திப் பின் நாள்தோறும் உண்பதே அளவைக் குலைக்கும். கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் இதைவிடக் கேடானவை. அவை உறைவெதிர் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் குருதிப்போக்கு நேரக்கூடும். மலம் தார்போல் கறுத்தல், சிறுநீர் சிவத்தல், நிற்காத மூக்குக் குருதி, தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும்.

மருந்துக்காலம் குறைந்தது மூன்று மாதம். அறுவை, மாவுக்கட்டு போன்ற நீங்கிவிடும் காரணத்தால் வந்த உறைவுக்கு அத்துடன் நிறுத்துவது வழக்கம். காரணம் புலப்படாதபோதும், புற்றுநோய் தொடரும்போதும் மருந்தை நீட்டிப்பர். முடிவு மருத்துவருடையது.

மருந்து தொடங்கியபின் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. பெரும்பாலோருக்கு வலி பொறுக்கும் அளவுக்கு விரைவில் நடப்பதே இப்போதைய அறிவுரை. நடப்பதனால் உறைவு பெயரும் என்னும் அச்சத்துக்கு ஆய்வுகள் இடந்தரவில்லை. அமரும்போது காலை உயர்த்தி வைத்தல் வீக்கத்தைக் குறைக்கும். நீவுதல் மட்டும் கூடாது. இறுக்கக் காலுறை பின்விளைவைத் தடுக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 800க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு, அதனால் அத்தகைய தடுப்பு இல்லையென்று கண்டது. வீக்கத்துக்கு இதமாக இருப்பின் அணியலாம். விலை கொடுக்க இயலாதவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

உறைவு நீங்கினாலும் அது சிதைத்த தடுக்கிதழ்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஐவரில் ஒருவருக்கேனும் மாலையில் கால் கனத்தல், வீங்குதல், கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்தல் முதலியன எஞ்சுகின்றன. சிலருக்கு உட்கணுக்காலின் மேல் ஆறாப்புண் தோன்றும். மூன்று மாத மருந்துக்குப் பின்னும் மூச்சு வாங்குவது குறையவில்லையெனில் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்துள்ளதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். கட்டுரையாளரின் தாயாருக்கு மாலை வீக்கம் இன்னும் உண்டு. அடுத்த முறை அறுவைக்கோ நெடும்பயணத்துக்கோ செல்லும்போது காட்டுவதற்காக அவர் தம் பணப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். அதில் 'இடக்கால் ஆழ்சிரைக் குருதியுறைவு' என்பதும், மருந்தின் பெயரும், தொடங்கிய நாளும் நிறுத்திய நாளும் எழுதப்பட்டுள்ளன.